மருந்துக் கை

— உள்ள போயி உக்காராம இங்கன எதுக்கு வந்த, செல்வி?

— நல்லாருக்கு! கட்டுன புருசனப் போலீசு வெளிய உக்கார வச்சிருக்கு, நான் உள்ள போயி ஹாக்கி பாக்கவா? தண்ணிப் பாட்டில குடுத்து வச்சிட்டு வாரதுக்குள்ள இங்க இம்புட்டு நடந்துபோச்சு. “முனியராஜ் பெஞ்சாதி நீங்கதானா”ன்னு ஒரு பொம்பளப் போலீசு கேக்குது. போட்டது போட்டபடி ஓடியாரேன்.

— இருக்கட்டும் விடு. ஓவியா உள்ள போயிட்டால்ல?

— போயிட்டா. ஸ்கூல்ல இருந்து வந்த புள்ளைகளோட பிடி சாரு உக்கார வச்சிட்டாரு. மொகந்தான் செத்துப் போயிக் கெடக்கு. திரும்பித் திரும்பி ஒங்களையே பாத்துட்டுப் போனா.

— ஆட்டத்தப் பாத்தா சரியாயிருவா.

— அது கெடக்கட்டும். நடந்தத வாயத் தொறந்து சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல. உள்ள போற ஆளுக கையச் சின்னத் துணியால தொடச்சு, அத ஒரு மிஷினுக்குள்ள விடுதான். வெடிச் சாமான் தொட்ட கையின்னா கத்திருமாம். கத்திருச்சு. “என்ன இது”ன்னான். “மருந்து சார்”னேன்.

— மருந்துன்னா சொன்னீக?

— பெறகு வேற என்ன சொல்ல? மருந்துதான?

— வெடிமருந்து சிவகாசிக்குத்தான் வெறும் மருந்து. இங்கன மருந்துன்னா காய்ச்சலுக்குக் குடிக்கிறது!

— அவன் வடக்க இருந்து வந்த பய போல. “எந்த ஆஸ்பத்திரி, சீட்டக் காட்டு”ங்கான். நானும் சட்டப்பையத் தடவுறேன். நல்லவேளை, ஒரு பெரிய ஆபீசரு வந்தாரு. பட்டாசுக் கம்பெனி அட்டையப் பாத்துட்டுச் சிரிச்சாரு. மேலெடத்துல கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் இங்கன உக்காருன்னுட்டுப் போனாரு.

— சிரிப்பாரு, சிரிப்பாரு. நமக்குத்தான் சிரிப்பு வரல. தேங்காண்ணையப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவுங்கன்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீகளா?

— கம்பெனி பூட்டிக் கெடக்கு. மருந்தத் தொட்டே ரொம்ப நாளாச்சு.

— கம்பெனியப் பூட்டுனா ஒடம்புல ஊறுன மருந்து போயிருமாக்கும்? உலகக் கோப்பைன்னு எந்தெந்த நாட்டுக்காரனோ வந்து சுளுவா உள்ள போறான். விருதுநகர் தாண்டி இருக்கிற நமக்கு வாசலோட சரி. பெத்த அப்பனே புள்ள மானத்த வாங்கிட்டீக.

— வாங்கிட்டேன். அவ உள்ள போயிட்டால்ல, அது போதும்.

— என்னா சத்தம்! கோலு விழுந்திருச்சு போல.

— விழுந்திருக்கும்.

— ஆடி அடங்குன ஆளு மாதிரிப் பேசுறீக. வரும்போது மதுரையப் பாத்தீகளா? ரோடெல்லாம் புதுசாப் போட்டிருக்கான். செவுத்துல பூராம் மட்டையும் பந்துமா வரஞ்சு வச்சிருக்கான். செல்லூர்ல நாம இருந்த ஸ்டோர் வீட்ட, அந்த வரிசக் குடித்தனத்தப் பாத்ததும் எனக்கு அழுக வந்துருச்சு. பஸ்ஸுங்கிறதால அடக்கிக்கிட்டேன்.

— நீ கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்ததப் பாத்தேன்.

— கீழமாரட் வீதி மண்டியில வெங்காய மூட்ட தூக்கிட்டு வருவீக. சட்ட பூராம் வெங்காயத் தொலி. அந்த நாத்தத்துக்கு நான் எம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன்! இப்ப நெனச்சா அந்த நாத்தமே தேவல. கம்பெனி ஓடுற நாள்ல நீங்க வேலைக்குப் போயிட்டீகன்னா, விஸ்வநத்தம் பக்கம் எங்கன ‘டொம்’முன்னாலும் எனக்குக் கை ஓடாது. அடுப்ப அமத்திட்டு வாசல்ல போயி நிப்பேன்.

— ஒரேயடியா அலுப்பா இருக்கு செல்வி.

— எனக்கு மட்டும் இல்லையாக்கும்? ஒங்கம்மா படுக்கையில விழுந்தாகன்னு ஊருக்குப் போனோம். அவுக போயிச் சேந்தும் நாம திரும்பல. இந்த சீசன் முடியட்டும், அடுத்த ஆர்டர் முடியட்டும்னே ஓட்டிட்டீக. ஸ்டோர் வீட்டு மூக்கம்மாக்கா போன வாரங்கூடப் போன் போட்டாக. நாம இருந்த பக்கமே ஒரு வீடு காலியாக் கெடக்காம். இங்கன சேத்தா ஓவியா நல்லாப் படிக்கவும் செய்வா, வெளையாடவும் செய்வா. ஒங்ககிட்டச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவீக.

— ஓவியா அந்த ஹாக்கி மட்டைய யாருகிட்ட வாங்குனா?

— இதென்ன கேள்வி, சம்பந்தமில்லாம? எங்கக்கா சின்னத்தாய் வாங்கிக் குடுத்தா. ஷூவும் அவதான். பொம்பளப் புள்ள இல்லாதவ, ஆசையா வாங்கிக் குடுக்கா. அதுலயும் குத்தமா?

— சாயந்தரம் ஆனா அங்கனதான போறா?

— படிக்கப் போறா. நம்ம வீட்டுல இருக்கிறது ஒத்த ரூமு. அதுல டிவியும் ஒங்க இருமலும் போட்டி போட்டுக்கிட்டுக் கெடக்கு. அங்கன எடமிருக்கு, பேனு இருக்கு.

— கொல்லையில செட்டுப் போட்டு, வெடிக்கு வைக்கிற கருந்திரி சுத்துறாகள்ல?

— அது அக்கா வீட்டுக்காரரு பெத்தணன் மச்சான் லைசென்சு இல்லாம ஓட்டுறது. யாரு சொன்னா கேக்காரு? புள்ள முன்வீட்டுல உக்காந்து படிக்கா. இப்ப எதுக்கு எங்கக்காவ இழுக்கீக? வாசல்ல மாட்டுனது நீங்க, வம்பு எங்கக்காளுக்கா?

— சரி. மதுரைக்கே வந்துருவோம்.

— என்ன சொன்னீக?

— இங்கனயே வந்துருவோம்னேன். ஆட்டம் முடிஞ்சு ஓவியா வரட்டும். நேராச் செல்லூருக்குப் போயி மூக்கம்மாக்காவப் பாத்து வீட்டப் பேசிருவோம். நீயும் அவளும் இன்னைக்கே அங்கன தங்கிக்கோங்க. நான் ஊருக்குப் போயிச் சாமானத்த அள்ளிட்டு வாரேன்.

— இன்னைக்கேவா? மாத்துத் துணிகூட இல்லையே! அவளுக்கு ஸ்கூலு?

— மூக்கம்மாக்காகிட்ட ஒரு சேல வாங்கி உடுத்திக்கோ. ஸ்கூலு எங்கயும் ஓடிராது. அவ மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

— அட சாமி! நான் அழுது பெரண்டப்பல்லாம் அசையாத ஆளு. பக்கத்துக் கம்பெனி வெடிச்சுத் தெருவே ஒப்பாரி வச்சப்பக்கூட மறுநா வேலைக்குப் போன ஆளு. இன்னைக்கு ஒரு மிஷினு கத்துனதுக்கா இம்புட்டுப் பயம்? அப்பிடி என்னத்த ஒட்டிக்கிட்டு வந்தீக? கையக் காட்டுங்க பாப்போம்.

— என் கைய அவுக தொடைக்கவே இல்ல, செல்வி. “அப்பன் கையப் புடிச்சிட்டு வந்த புள்ள சார், அதுல ஒட்டுனது”ன்னு பொய் சொல்லித்தான் அவள உள்ள அனுப்பி வச்சேன். மிஷினு கத்துனது ஓவியா கைக்கு.