நம்பர் போட்ட கண்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் பின் சீட்டில் இரண்டு பெண்கள். பல்கலைக்கழகத்தில் கண் நோய் ஆராய்ச்சி செய்யும் லேபில் வேலை என்று பேச்சிலேயே தெரிந்தது.

“எங்க நைனா கண்ண நேத்து லேப் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன்க்கா.”

“கேம்ப்ல எடுத்த போட்டோல பேரு இருக்காதே, வெறும் நம்பர்தானே. உங்கப்பாதுன்னு உனுக்கு எப்டி தெரிஞ்சிது?”

“சின்ன வயசுல கிரகணத்த வெறுங்கண்ணால பார்த்தவரு. உள்ள அந்தத் தழும்பு, முன்னாடியே அவரு ஸ்கேன்ல பார்த்திருக்கேன். பக்கத்துல புதுசா ரத்தம் கசிஞ்சினு இருக்குது.”

“யாருதுன்னு தெரிஞ்சா நாம முடிவு எழுதக் கூடாதுடி. சார்கிட்ட குடுத்துட்டியா?”

“இல்லக்கா. ‘கசிவு இல்ல’ன்னு எழுதிட்டேன்.”

“அய்யோ, ஏன்டி?”

“எழுதினா நெஜமாயிடும்னு பயந்துட்டேன்.”

“இன்னிக்கே சார்கிட்ட சொல்லிடு. வேல போனா போவட்டும், கண்ணு போனா வருமா?”

“சொல்லத்தான் போறேன். கண்ணாடி மாத்தணும்னு பொய் சொல்லி அவரையும் கூட்டினு வந்துட்டேன். மெதுவா பேசு, முன் சீட்டுல தூங்கினு இருக்காரு.”

என் பக்கத்தில் இருந்த பெரியவர் தூங்கவில்லை. பஸ் புத்தலப்பட்டில் நின்றதும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வெளியே ஊர்ப் பலகையைப் பார்த்தார். பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார்.