படம் காட்டிப் பேச்சைக் காத்த அக்காவுக்கு

பச்சைத் துணிக்கடியில் படமும் கையுமாய்ப் பல்லாண்டு அமர்ந்தவரே! மூளை அறுவை அரங்கில் முகம் பார்த்துப் பேசியவரே! பேச்சுச் சிகிச்சைப் பிரிவின் பெருமையே! எங்கள் அன்பு அக்கா!

பேச்சு இங்கே, கையசைவு அங்கே, பார்வை பின்னால் என்று புத்தகங்கள் மூளைக்கு வண்ண வரைபடம் போட்டுக் காட்டும். ஆளுக்கு ஆள் அந்த எல்லைகள் சற்றே இடம் மாறும். அதனால்தான் நோயாளி விழித்திருக்க, மருத்துவர் மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டுப் பார்க்க, நீங்கள் படம் காட்டிப் பெயர் கேட்பீர்கள். பெயர் தடைப்பட்டால் அங்கே கத்தி போகக் கூடாது. எண் போட்ட சிறு வில்லை ஒன்று அடையாளமாக விழும்.

ஓயாமல் பேசி ‘ரேடியோ’ என்று பெயரெடுத்த நம் லிஃப்ட்காரருக்கு மூளையில் பேச்சுப் பகுதியை ஒட்டி ஒரு கட்டி வந்தபோது வெலவெலத்துப் போனோம். “இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரான்னு தினமும் திட்டுவேன். அதை வாபஸ் வாங்கிக்கிறேன் அக்கா” என்று அவர் மனைவி உங்கள் கையைப் பிடித்து அழுதார்.

அரங்கில் ரேடியோ சரளமாகத்தான் சொன்னார். “பூனை. நாற்காலி. குடை... என் மச்சான் எடுத்துட்டுப் போனது, இன்னும் வரலை.” அடுத்த படத்துக்குச் சத்தமே இல்லை.

“பேச்சு நிக்குது. வில்லை வைங்க, இந்த இடத்தை விட்டுடலாம்” என்றார் தலைமை மருத்துவர். விட்டால் கட்டியில் பாதி உள்ளேயே தங்கிவிடும்.

“ஒரு நிமிஷம் சார். வார்த்தை தொலைஞ்ச முகம் தவிக்கும். இவர் முகம் முறைக்குது” என்றீர்கள். குனிந்து, “என்னப்பா, பேர் வரலையா?” என்று கேட்டீர்கள்.

“வருதுக்கா. லிஃப்ட் ஓட்டுறவன் வாயால அதைச் சொல்ல வைக்கிறீங்களே, நியாயமா?”

லிஃப்டுக்குப் போட்டியாக எல்லாக் கட்டடத்திலும் நிற்கும் அந்த எதிரியின் படம்தான் அது!

“சிரிக்க வைக்காதீங்கப்பா, என் கையில கரன்ட் இருக்கு!” என்றார் தலைமை மருத்துவர்.

படங்களை மாற்றினீர்கள். அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டும் பெயர்கள் வரிசையாய் வந்தன. அங்கே வில்லை விழவில்லை. பிறகு வேறோர் இடத்தில், சாவிப் படத்தைப் பார்த்து, “அது... கதவுக்கு... திருகுவாங்களே...” என்று ரேடியோ மெய்யாகவே தவித்தார். “இங்க வேண்டாம் சார்” என்றீர்கள். வில்லை விழுந்தது, கத்தி அங்கே போகவில்லை. கட்டி போயிற்று, ரேடியோ ஓயவில்லை.

நீங்கள் பணி ஓய்வு பெறுவதால், நீங்கள் பழக்கிய இருவர் இனி உங்கள் நாற்காலியில் அமர்வார்கள். படக்கட்டு அவர்களுக்கு. ரேடியோ பெயர் சொல்ல மறுத்த அந்த ஒரு படத்தை மட்டும் சட்டம் போட்டு உங்களுக்கே தருகிறோம். யாரிடமும் எதன் பெயரையும் கேட்காமல், ஊர்க்கதையெல்லாம் காலாட்டிக்கொண்டே கேட்டு, நலமும் நகைப்புமாய் நெடுங்காலம் வாழுங்கள் அக்கா!

பின்னாளில் இம்மடலைச் சுவரில் படிப்போருக்கு ஒரு தகவல்: விழா மேடையில் இதைத் தடையின்றி வாசித்தவர் எங்கள் ரேடியோதான். அன்று அரங்கில் சொல்ல மறுத்த பதிலை இன்று சபையறிய உரக்கச் சொல்கிறார்:

“அக்கா, அது மாடிப்படி!”

என்றும் உங்கள்
மூளை அறுவை அரங்கத்தாரும் லிஃப்ட்காரரும்