பரீட்சை நிறுத்தின வட்டக் கூடம்

இல்ல தம்பி, அங்க வேணாம், இங்க உட்காருங்க. செவுத்த ஒட்டி, இந்தக் கல் பெஞ்சுல. வெள்ளிக்கிழம என் தங்கச்சியக் கட்டிக்கப் போறவர நான் கடிச்சாத் தின்னுடப் போறேன்?

யுனிவர்சிட்டியிலயே பழைய கட்டடம் இதுதான். கட்டடக்கலைப் பசங்களுக்கு முதல் வகுப்ப நான் இங்கதான் எடுப்பேன். சுத்திப் பாருங்க, ஒரு தூண் கிடையாது. முழு வட்டம். மேல இருக்கிற கும்மட்டம் பாதி கட்டும்போதே ஒரு தடவ இடிஞ்சு விழுந்துச்சாம். கட்டினவரு அசரல. செவுத்தத் தடவிப் பாருங்களேன், வழுவழுன்னு இல்ல? சுண்ணாம்ப அரைச்சுப் பூசி, கல்லால தேச்சிருக்காங்க. நடுவுல நிக்கிறாரே, அவருதான் ஸ்தாபகர். இவ்ளோ பெரிய சிலையா வச்சு எதிர்ப்பக்கத்தயே மறைச்சுட்டாங்க, புண்ணியவானுங்க.

முன்னாடி பரீட்சை எல்லாம் இங்கதான் நடக்கும். அப்புறம் நிறுத்திட்டாங்க. ஏனா? சொல்றேன், இருங்க.

போன் அடிச்சுட்டே இருக்கே, எடுக்கலயா? நேத்து பத்திரிகை குடுக்க வந்தப்ப, இதே இடத்துல நின்னுதான எடுத்துப் பேசினீங்க? ஐயோ, ஒளிஞ்சு கேக்கற புத்தி எனக்கில்ல தம்பி. நான் பாட்டுக்கு அந்தக் கோடில உட்கார்ந்து பேப்பர் திருத்திட்டிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் விடலன்னா டாக்டர்கிட்ட காட்டுன்னீங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கறேன்னீங்க. யார் குழந்தை அது?

அக்கா குழந்தையா? உங்களுக்கு ஏதுங்க அக்கா?

எனக்குக் கோபம்தான். ஆனா கத்த மாட்டேன். நீங்களும் கத்தாதீங்க, வெளிய பசங்க போறாங்க. முகத்த செவுத்துப் பக்கம் திருப்பி மெதுவா சொல்லுங்க, போதும். ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லிடுங்க.

ம்.

ம். உங்க குழந்தைதான். அதோட அம்மா? இன்னும் உங்க பொண்டாட்டிதான். சரி. என் தங்கச்சிகிட்ட எப்பதான் சொல்றதா இருந்தீங்க? அவ வெகுளி, அழுது சமாதானமாயிடுவான்னு நெனச்சீங்களா? நல்லாருக்கு.

பரீட்சைய ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டீங்கல்ல? இந்தப் பெஞ்சுல ஒருத்தன் செவுத்தப் பாத்து முணுமுணுத்தா, எதிர்ப்பக்கப் பெஞ்சுல இருக்கறவனுக்கு அட்சரம் பிசகாம கேக்கும். செவுறே கொண்டுபோய்க் குடுத்துடும். ஒரு வருஷம் அத்தன பேரும் ஒரே விடைய எழுதிட்டாங்க, தப்போட சேத்து.

நேத்தே அவகிட்ட சொன்னேன் தம்பி. நம்பல. உனக்குத்தான் ஆகல, எனக்கும் ஆகக் கூடாதான்னு எரிஞ்சு விழுந்தா. அதான் இன்னிக்கு அவளையே வந்து அந்தப் பெஞ்சுல உட்காரச் சொன்னேன்.

எழுந்திரிக்காதீங்க. அவளே வர்றா.