விரலை எடுத்த பிறகு

களியக்காவிளை பஸ்ஸில் என் முன் சீட்டில் மரவேலைக்காரர்கள் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் போனில் ஸ்குரூ இறுக்கும் மெஷின்களைக் காட்டிக்கொண்டு வந்தார்.

“இது பிரஷ்லெஸ் மக்கா. சூடாவாது, பேட்டரியும் நல்லா நிக்கும். மத்தது கொஞ்சம் கனம்.”

ஜன்னலோரம் இருந்தவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

“விரலை எடுத்த உடனே சத்தம் நிக்குமா? அதைச் சொல்லு.”

அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்தேன்.

“அது எதுக்குடே?”

“சவப்பெட்டி மூட ஒனக்க மெஷினைக் கொண்டு போனேம்லா. காலைல செத்த ஆளு, உச்சைக்கே அடக்கத்துக்கு எடுத்தாவ. ஸ்குரூ இறுகும்போ டக் டக்குன்னு அடிக்கும்லா? கடைசி ஸ்குரூ இறுகினதும் விரலை எடுத்தேன். பெறவும் அடிச்சுது. அழுதுட்டு நின்னவங்க எல்லாம் என்னையப் பாத்தாவ. மெஷின் பழசு, மெதுவாத்தான் அடங்கும்னு சொன்னேன். சரின்னு தூக்கிட்டுப் போயிட்டாவ.”

கண்ணாடிக்காரர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“எனக்க மெஷின் விரலை எடுத்தா அப்பவே நிக்கும் மக்கா. ஒருநாளும் அப்படி அடிச்சதில்ல.”

மார்த்தாண்டத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலோரம் இருந்தவர் கண்ணாடிக்காரர் மடியிலிருந்த போனை எடுத்து அவர் கையிலேயே திணித்தார்.

“பழசுல்லா. பழசு அப்படித்தான் அடிக்கும். நீ அடுத்த மாடலைக் காட்டு.”