டிரான்சிஸ்டரில் எழுபது

மேச்சேரியில் பஸ் நின்றதும், எனக்கு முன் ஸீட்டிலிருந்த அம்மாள் டிரான்சிஸ்டரைப் புருஷன் வயிற்றில் வைத்து வாட்சைப் பார்த்தார். டிக் டிக் என்றது.

"ஏனுங்க, பாட்டு வைக்கலீங்களா?" என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர்.

"பாட்டுக்கில்லீங்க. இதயத்த ஓட்டறதுக்கு வயித்துக்குள்ள பேட்டரிப் பெட்டி வெச்சிருக்காங்க. அந்தச் சத்தம் ரேடியோவுல கேக்கும். நிமிசத்துக்கு எழுபது வரோணும். கொறஞ்சா மறுபடி அறுத்து வேற பெட்டி. ரெண்டு தடவ மாத்தியாச்சு. போன தடவ புண்ணு சீழ் புடிச்சு, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தோமுங்க."

புருஷன் கண்ணைத் திறக்காமல், "எத்தன?" என்றார்.

"எழுபதுங்க. தூங்குங்க."

அவர் தூங்கியதும் அந்த அம்மாள் கண்டக்டரை மெல்லக் கூப்பிட்டார்.

"ஓமலூர் டிக்கெட் வேண்டாமுங்க. சூரமங்கலம் ஸ்டேசனுக்குக் கிழிச்சுக் குடுங்க. மெட்ராஸ் ரயிலு எத்தன மணிக்குங்க?"