நாலு பேருக்கு ஒரு மீற்றர்

ஹலோ… ஹலோ, ஆரு?… ஓம், அஸீம்ட ஊடுதான். அவர்ட பொஞ்சாதி லைலா கதைக்கிறன்… ஆரெண்டு?… கலீலுர் றஹ்மான் ஹாஜியாரா?…

வ அலைக்கும் ஸலாம்… ஓம், ஓம். பதினொரு மாசத்துக்குப் பொறகு உங்கட சத்தம் கேக்குது, அதான் மட்டுக்கட்ட ஏலாமப் போச்சு…

அப்பிடியேதான் இரிக்கார்… இல்ல, நடக்கல்ல. இடுப்புக்குக் கீழ ஊசி குத்தினாலும் தெரியாது… டொக்டர் என்ன சொல்ற, இனி இப்பிடித்தானாம்… துஆச் செய்யிறீங்களா? செய்யுங்க. அதுக்குச் செலவில்லத்தானே…

சரி, விஷயத்தைச் சொல்லுங்க ஹாஜியார். துஆச் செய்யிறதைச் சொல்லவா கோல் எடுத்த?…

எங்க நிக்கிறீங்க?… கொழும்பிலயா… சுழியோடுற சாமான் விக்கிற கடையில… ஓ, நேவி பாஸ் கிடைச்சிட்டா. சமாதானம் எண்டு ரேடியோவில சொன்னதும் உங்களுக்குத்தான் முதல்ல கடல் திறந்திரிக்கு… ஓம், கேக்குது… என்னத்த எடுக்கிற?… ஸ்பெயார் மீற்றரும் கொம்பியூட்டருமா…

கொஞ்சம் பொறுங்க. எனக்கு விளங்கினது சரியா எண்டு பாக்கிறன். கடலட்டை எடுக்கத் திரும்பவும் நாலு பேரை இறக்கப் போறீங்க. ஒரு மீற்றர் பழுதானா இன்னொண்டு இரிக்கோணும் எண்டு இப்பதான் உங்களுக்கு விளங்கியிரிக்கு. எது நல்லதெண்டு தெரியாது. அதால, பழுதான மீற்றரோட இறக்கின மனிசனுக்கிட்டயே கேக்கிறீங்க… ஓம்… ஓம், அவருக்குத்தான் தெரியும். பதினாலு வருஷம் கடலுக்க கிடந்தவர்…

இல்ல, போன அவர்ட கையில குடுக்க மாட்டன்… மாட்டன் எண்டா மாட்டன். நான் கேட்டுச் சொல்றன், நில்லுங்க.

இஞ்ச பாருங்க, உங்கட முதலாளி. கொழும்புக் கடையில நிண்டு உங்கட்ட புத்தி கேக்கார், ஸ்பெயார் மீற்றர் என்னெண்டு பாத்து வாங்கிறதாம்… என்னத்துக்கு கையை ஊண்டுறீங்க? எழும்பி ஓடவா போறீங்க? படுத்துக்கொண்டே சொல்லுங்க.

ஹலோ… ஹாஜியார், எழுதுங்க. பேனை இரிக்கா?… காத்து மீற்றர் ஆளுக்கு ரெண்டு. ஓம், சிலிண்டர்ல எவ்வளவு காத்து மிச்சமெண்டு காட்டுறது. ரெண்டும் வேற வேற குழாயில… பழசு வேணாமாம். சிலிண்டரப் பூட்டிக் காத்த வெளிய விட்டா ஊசி சைபருக்கு வரோணும். இடையில நிண்டா கடைக்காரன்ட மூஞ்சியில எறியச் சொல்றார்…

ஓம், கொம்பியூட்டர். கையில கட்டுறது… ஆளுக்கொண்டு. இல்ல, ஒண்ட வாங்கி ஆளுக்காள் மாத்திக் கட்ட ஏலாது. கட்டினவன்ட ஒடம்புக்க எவ்வளவு வாயு ஏறியிரிக்கெண்டு பாத்துத்தானே அது மேல வரச் சொல்ற. அடுத்தவன்ட கையில கட்டினா அது சொல்றதெல்லாம் பொய்… அது இடையில நிண்டா? அதுக்கு ஆழம் காட்டுற மீற்றர் ஒண்டும், தண்ணி போகாத மணிக்கூடும் வேறயா கட்டட்டாம்…

இந்த மனிசன் பதினொரு மாசமா என்னோட இவ்வளவு கதைச்சதில்ல…

கூடவா? ஆளுக்கு ரெண்டெண்டா உங்களுக்குக் கூடவா? அண்டைக்கு அந்த ஊசி எண்பதில நிண்டது ஹாஜியார். காத்து இரிக்கெண்டு நம்பி இவர் அடியில கிடந்தார். முடிஞ்சதும் நூறடியிலிருந்து ஒரே மூச்சில மேல வந்தார், ஒடம்புக்க ஏறின வாயு கால அடிச்சுப்போட்டுது. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, துறையில ஆள் ஏத்துற மிதவைப் பாதை வரும்வரைக்கும் மணலில கிடந்தார். பாஸில்லாம இறக்கின நீங்க, தென்னையால விழுந்தவர் எண்டு சொல்லச் சொன்னீங்க. சிலிண்டர் எண்டு வாய் திறந்தா ஆமி கேம்புக்குக் கொண்டுபோவாங்க எண்டீங்க. நானும் சொன்னன். டொக்டர் முறிஞ்ச எலும்பத் தேடினார், ஒரு நாள் முழுக்க…

என்ன?… திரும்பச் சொல்லுங்க… ஸ்பெயார் இருந்ததா? வள்ளத்திலயா?… ஒண்டு. புதுசு… அப்ப இவர் ஏன் அதக் கட்டல்ல?…

ஆருக்குக் குடுத்தவர்?

…

என்ட தம்பிக்கா. ஸுஹைருக்கா… ஸுஹைர்ட மீற்றரும் அண்டைக்குப் பிழையா இருந்ததா…

இஞ்ச பாருங்க. ஹாஜியார் சொல்றது உண்மையா?… சுவரைப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. இருந்த ஒரு நல்ல மீற்றரை ஸுஹைருக்குக் குடுத்துட்டு, பழுதானதோட நீங்க இறங்கினீங்களா?…

ஹலோ… இவர் தலைய ஆட்டுறார் ஹாஜியார். ஓம்தான்…

ஒவ்வொரு நாளும் சோத்தப் போட்டு இவருக்கு முன்னால வைக்கக்குள்ள, மீற்றரைப் பாத்து இறங்கத் தெரியாத மடையன் எண்டு சொல்லித்தான் வைப்பன். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு திண்டவர்…

இல்ல, நில்லுங்க. உங்களில குத்தமில்லையெண்டு ஆர் சொன்ன? நாலு பேருக்கு ஒரு ஸ்பெயார் வாங்கின நீங்க. ஆர் முடமாகிற எண்டதை அவங்களே கடலில வைச்சு முடிவெடுக்க விட்ட நீங்க. இப்ப அதை எனக்குச் சொல்லி, நீங்க தப்பப் பாக்கிறீங்க…

ஆரு? பக்கத்தில ஆர் நிக்கிற?… ஸுஹைரா?… குடுங்க. போன அவன்ட கையில குடுங்க.

ஸுஹைர்… ஓம், ராத்தாதான்… நாலு பேர்ல ஒருத்தன் நீயா? ஏன் எனக்குச் சொல்லல்ல?… நீதான் மச்சானுக்கிட்டக் கேக்கச் சொன்னியா… ஓம்… வெள்ளிக்கு வெள்ளி மருந்தும் மீனும் கொண்டுவந்து, இவர்ட கால்மாட்டில ஒரு கதையுமில்லாம இருந்துட்டுப் போவாய். அது ஏனெண்டு இப்பதான் விளங்குது…

சொல்ல வேணாமெண்டது இவரா?… என்ன சொல்லித் தடுத்தவர்?…

…

இரிக்கிறன். கேக்குது… எனக்குத் தெரிஞ்சா உன்ன ஊட்டுக்க எடுக்க மாட்டன் எண்டா சொன்னவர்…

என்ன, இனி இறங்க மாட்டியா? இப்பவே ஹாஜியாருக்குச் சொல்லிட்டு ஊருக்கு வாறியா?… இல்ல. நீ இறங்குவாய். இவர்ட மருந்து ஆர் வாங்கிற? உன்ட பிள்ளைகளுக்கும் என்ட பிள்ளைகளுக்கும் ஆர் சோறு போடுற? இவர் காலைக் குடுத்து உன்னக் கரையேத்தினது, நீ ஊட்டுக்க குந்தியிருக்கிறதுக்கில்ல… பயமா? பயந்துகொண்டே இறங்கு…

அழாத. கடைக்காரன் பாத்துக்கொண்டு நிப்பான்… மச்சான் சொன்னதெல்லாம் ஹாஜியார் எழுதினவர், அந்தக் கடதாசிய வாங்கு. எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டா எடு… என்னவாம்?… ரெண்டு பேருக்குத்தான் ஸ்பெயார் எடுப்பாராமா, நாலு பேருக்கும் ஏலாதாமா…

அப்ப முதல்ல நீ எடு. மத்தவங்களுக்கும் ராத்தாமார் இரிப்பாங்க, அது அவங்கட பாடு. வள்ளத்தில பக்கத்தில இரிக்கிறவன் ஆரா இருந்தாலும், அவன்ட மீற்றர் என்ன பழுதா இருந்தாலும், உன்டதக் கழட்டிக் குடுக்காத. விளங்குதா?… விளங்குதா எண்டு கேட்டன்…

ஓம், இவர் கேட்டுக்கொண்டுதான் இரிக்கார். கேக்கட்டும். வைக்கிறன்.