வாத்துக் குஞ்சுகளின் ஈரல் குறித்து வள்ளித்தாய் சொன்னது

என் பெயர் வள்ளித்தாய், வயது 36, கணவர் பெயர் சங்கரபாண்டி, இருப்பு தென்காசி அடுத்த குத்துக்கல்வலசை கீழத்தெரு. குற்றாலம் போகும் வழியில் துல்கர்னைன் முதலாளியின் வாத்துப் பண்ணையில் மூன்று வருஷமாகத் தீனி வைக்கும் வேலை செய்து வருகிறேன். பண்ணையை ஒட்டி மாடனின் நெல் வயல் இருக்கிறது. 1966 ஆனி மாதம் பெரிய வாத்துகள் அவன் நாற்றங்காலை மிதித்துவிட்டதில் மாடன் வரப்பில் நின்று, "இனி ஒண்ணு இறங்குனாலும் மருந்து வச்சிருவேன்" என்று சத்தம் போட்டதை நானும் கேட்டேன்.

ஆடி முதல் வாரம் சாரல் விடாமல் அடித்ததில் கொட்டகை ஒழுகி, கடலைப் பிண்ணாக்கு மூட்டைகள் நனைந்துவிட்டன. அதன் பின்பு மூட்டையைப் பிரித்தபோது பிண்ணாக்கில் பச்சையாகப் பூசணம் பிடித்து, கெட்டுப்போன எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தது. முதலாளியிடம் காட்டினேன். "காய வச்சு இடிச்சுப் போடு" என்றார். வெயில் கண்ட அன்று காயவைத்து, பச்சையைத் தட்டிவிட்டு, இடித்துக் குஞ்சுகளுக்கு வைத்தேன். முதல் நாள் அவை அலகை வைத்துவிட்டு ஒதுங்கின. தவிட்டைக் கூட்டிப் பிசைந்து தின்ன வைத்தேன்.

அதன் பின்பு பத்து நாளில் குஞ்சுகள் இரை எடுக்காமல், கால் நீலம் பாய்ந்து, தள்ளாடி விழுந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துச் சாகத் தொடங்கின. அதிலிருந்து ஐந்து நாளில் அறுபதுக்கு மேல் செத்தன. மாடன்தான் மருந்து வைத்தான் என்று முதலாளி புகார் கொடுத்ததன் பேரில் போலீசார் மாடனைப் பிடித்துப் பண்ணை வழியாகக் கூட்டிப் போனார்கள். அவன் என்னைப் பார்த்து, "நீதானே தீனி வைக்கே, நீ சொல்லு" என்றான். நான் செத்த குஞ்சுகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்து என் முன்னிலையில் ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். ஈரல் சிவப்பாக இல்லாமல் வெளிறிய மஞ்சளாக இருந்தது. கத்தியில் நெய் தடவினதுபோலப் பிசுக்கு ஒட்டியது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது.

"வயல் மருந்துன்னா தின்ன அன்னைக்கே செத்திருக்கும். இது பூசணத்துல உண்டாகுத நஞ்சு. ஈரலுக்கு வந்து சேருத கொழுப்பை ஈரல்தான் வெளிய அனுப்பணும். இந்த நஞ்சு அந்த வேலையைக் கெடுத்திரும். கொழுப்பு அங்கனயே தங்கிரும்" என்றார்.

"காயவச்சுத்தானய்யா போட்டேன்" என்றேன்.

"பச்சை போகும். நஞ்சு போகாது" என்றார்.

அதன் பின்பு நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் மாடனை இன்னும் விடாததால் அவன் மனைவி பிச்சம்மாள் ஒற்றை ஆளாக வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்துபோன எட்டாம் நாள், நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு வந்தேன். "டாக்டர் எழுதுவாரு, ஒனக்கு எதுக்கு?" என்று முதலாளி கேட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

மேலே எழுதியதை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியதில், முதலாளி சொன்னபடி தீனி வைத்ததாக மட்டும் இருந்தது. வாடை தெரிந்தே வைத்தேன் என்பதையும் சேர்க்கக் கேட்டு, சேர்க்கப்பட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் வரவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நடந்தது என்று அறிந்து ரேகை வைக்கிறேன்.

(வள்ளித்தாய், இடது பெருவிரல் ரேகை)